எரிமலைத் தீவில் எடுத்த கல்

பம்ப்செட் ஓடிக்கொண்டே இருந்தது.

அமிர்தலிங்கம் நின்றுபோயிருந்தார்.

மோட்டார் கொட்டகை வாசலில் குப்புறக் கிடந்தார். பின்கழுத்தில் ஒரே வெட்டு. உச்சி வெயில்... சுற்றுப்பட்டில் ஒரு ஆள் இல்லை.

வெட்டியவர் அவருடைய பெரியப்பா மகன் நீலமேகம். இடுப்பில் கட்சிக்கரை வேட்டி. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து தன் பேரில் பதினைந்து ஏக்கர், ஊரார் பேரில் நாற்பது ஏக்கர் வைத்திருப்பவர்.

'மாட்டமாட்டேன்.'

அந்தத் தைரியத்துக்குக் காரணம் மருதையன். அமிர்தலிங்கத்தின் குத்தகைக்காரர். "உசிரே போனாலும் நெலத்த விடமாட்டேன்" என்று நேற்றுத்தான் தாலுகா ஆபீஸ் வாசலில் கத்தியிருந்தார். பழி தானாகப் போய் அவர் தலையில் உட்காரும்.

ஏன் வெட்டினார்?

பொறாமை. நாலு மாதப் பொறாமை!

மே மாதம் பங்காளிகள் சேர்ந்து ஐரோப்பா டூர் போனார்கள். கடைசியாக சாண்டோரினி. மத்தியதரைக் கடலில், எரிமலை வெடித்து மிச்சமான தீவு. செங்குத்துப் பாறையின் உச்சியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. திராட்சைக் கொடியைத் தரையிலேயே கூடை மாதிரி சுருட்டி வைத்து, பனி ஈரத்தில் விளையவைக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பாவமாகப் போய்விட்டது.

எரிமலையின் வாய் எதிரே கடலுக்குள் இருந்தது. படகில் போய் இறங்கி, கறுத்த பாதையில் ஏற வேண்டும்.

"எனக்கு முட்டி வலி. நான் படகுலயே இருக்கேன்" என்றார் நீலமேகம்.

"அப்ப அண்ணி வரட்டும்ண்ணே. இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காம போறதா?" என்றார் அமிர்தலிங்கம்.

நீலமேகத்தின் மனைவி கமலவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏற்றத்தில் அவள் சறுக்கினாள். அமிர்தலிங்கம் கை கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். படகில் உட்கார்ந்திருந்த நீலமேகத்துக்கு வயிறு எரிந்தது. நிஜ எரிமலை அதுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, கந்தக வாசனையோடு திரும்பி வந்தாள். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு கல்... உரிக்காத தேங்காய் அளவு.

"தம்பி எடுத்துக் கொடுத்தாருங்க. இந்தக் கல்லுல ஒரு அதிசயம்..."

"வாய மூடு."

ஹோட்டலில் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அவள் வாயை அடைத்தார். ஊருக்கு வந்து மூன்றாவது முறை...

"இன்னொரு தடவ அவன் பேச்ச எடுத்தே, கல்லோட சேத்து உன்னையும் ஆத்துல போட்டுடுவேன்!"

கல் ஷோகேஸுக்குப் போனது. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து வெந்தார்.

இன்று வெட்டிவிட்டார்.

கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். கமலவல்லி கோயிலுக்குப் போயிருந்தாள். ரத்தக்கறை வேட்டியில் அரிவாளைச் சுற்றினார். பின்னால் வெண்ணாறு கரை தொட்டு ஓடுகிறது. கட்டி எறிய ஒரு கல் வேண்டும்...

கல்லுக்கு எங்கே போவது? அது வண்டல் பூமி. நாயை விரட்டவே மண்ணாங்கட்டியைத்தான் தேட வேண்டும். அம்மியைத் தூக்கினால் சாயங்காலச் சட்னிக்குள் தெரிந்துவிடும்.

ஷோகேஸைப் பார்த்தார்.

சிரித்தார்.

கல் கொஞ்சம் லேசாக இருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நேரமா? இறுக்கிக் கட்டி நடு ஆற்றைப் பார்த்து வீசினார். 'தொப்' என்று சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

சாயங்காலம் மருதையன் லாக்கப்பில் இருந்தார். கமலவல்லி அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். கல் காணாமல் போனது அவள் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் காலை. வாசலில் ஜீப்.

இன்ஸ்பெக்டர் முகம்மது யூசுப் உள்ளே வந்தார். கையில் ஒரு கோணிப்பை.

"உக்காருங்க சார். மருதையன் ஒத்துக்கிட்டானா?" என்றார் நீலமேகம்.

"அவர காலையிலயே வீட்டுக்கு அனுப்பிட்டேங்க."

"ஏன்...?"

யூசுப் கோணியை அவிழ்த்தார். முதலில் வேட்டி வந்தது. பிறகு அரிவாள். கடைசியில்... கல்!

நீலமேகம் ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மைல் தள்ளி, மதகு ஷட்டர்ல முட்டிக்கிட்டு மெதந்துச்சு. மதகு தொறந்து மூடுற லஸ்கர் பாத்துட்டுக் கொண்டாந்து கொடுத்தாரு. வேட்டியில உங்க சலவைக்குறி இருக்கு."

"கல்லு... எப்படி சார் மெதக்கும்?"

"அதத்தானே மூணு தடவ சொல்ல வந்தேன்."

குரல் அடுக்களை வாசலிலிருந்து வந்தது. கமலவல்லி.

"எரிமலை கக்குன கல்லு, உள்ள பூரா ஓட்டை. தம்பி கடல்ல போட்டு மெதக்கவிட்டுக் காட்டினாரு. எல்லாரும் பாத்தோம்... படகுல மூஞ்சத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்த உங்களத் தவிர."

"கமலா..."

"எதுக்குக் கொடுத்தாரு தெரியுமா? 'அண்ணனுக்குப் பித்தவெடிப்பு ஜாஸ்தி, இதால தேச்சுக் குளிக்கச் சொல்லுங்க அண்ணி'ன்னு கொடுத்தாரு. அது உங்களுக்கு வந்த கல்லு." குரல் உடைந்தது. "பாவி... உங்க காலுக்காகத் தூக்கிட்டு வந்த மனுஷன வெட்டிட்டீங்களே."

நீலமேகம் தன் குதிகாலைப் பார்த்தார். ஒவ்வொரு வெடிப்பும் வாய்க்கால் மாதிரி இருந்தது. இந்தக் காலுக்காக ஒருவன் எரிமலையில் குனிந்து கல் பொறுக்கியிருக்கிறான். வயிற்றில் நாலு மாதமாக எரிந்தது அப்படியே அணைந்துபோய், வெறும் பயம் மிஞ்சியது.

யூசுப் விலங்கை எடுத்தார்.

"சார்... முட்டி வலி. நடக்க முடியல."

"கவலப்படாதீங்க. நம்ம ஸ்டேஷனுக்கு மூணே படிதான்."