காத்து ஓட்டியாச்சா?

பாய்லர் அறையின் இரும்புக் கதவைத் தள்ளியதும் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. நண்பகல் வெயில் வாசலோடு நின்றுவிட, உள்ளே ஒரே இருட்டு. அண்ணன் செத்த அறை. இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்றிருந்தவளைக் கணவன்தான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தான்.

"உன் கை பட்டாத்தான் இந்த பர்னர் சரியாகும். இப்படியே புகைஞ்சா ஆலைக்கு சீல் வெச்சிருவாங்க. என் வேலையும் போயிரும்."

அண்ணனும் அவளும் ஒரே தொழில். பர்னர் பழுதென்றால் பல ஆலைகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்த பாய்லர் அண்ணன் பொறுப்பில் இருந்தது. அவன் வெடிவிபத்தில் போனதும் கணவன் கைக்கு வந்தது. அன்றிலிருந்து புகைபோக்கி கரும்புகையாகவே கக்கியது.

எண்ணெய் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினாள். சுத்தமாக இருந்தது. வெளியே வைத்துப் பீய்ச்சிப் பார்த்தாள். எண்ணெய் பனிபோலப் பொடிந்து விழுந்தது. காற்றைச் சுழற்றிவிடும் தகடுகளில் ஒரு நெளிவும் இல்லை.

கணவன் மேலாளரைப் பார்க்கப் போயிருந்தான். அவள் காற்றடிக்கும் ப்ளோயரை ஓடவிட்டு, உலைக்குள் காற்று ஓட்டினாள். உள்ளே தங்கிய எண்ணெய் ஆவி மிச்சமிருந்தால் பற்றவைக்கும்போது வெடிக்கும்; அது முழுக்க வெளியேறிய பிறகே பற்றவைத்தாள். தீ ஒரே சீராகச் சுழன்று நின்றது. புகைமானியின் முள் அசையவே இல்லை.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

கணவன் உள்ளே வந்தான்.

தீ சிவந்தது. சுழற்சி குலைந்து நாக்கு நாக்காகத் தொங்கியது. உலையின் பார்வைக் கண்ணாடியில் கரி படர்ந்தது.

"என்னடி பண்ணின?"

"எதையும் தொடலைங்க. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

அவன் வெளியேறினான். தீ தெளிந்தது.

"இப்ப வாங்க."

மறுபடியும் கரி.

அவள் கண்ணாடியை நோக்கிக் குனிந்தாள்.

கண்ணாடியின் கரியை யாரோ துடைத்தார்கள்.

உள்ளே இருந்து.

விரல் விரலாக.

தீ பொசுக்கென்று அணைந்தது. ப்ளோயரும் நின்றது. முடி கருகும் நாற்றம் அறையை நிறைத்தது. உலையின் வயிற்றிலிருந்து ஒரு குரல், வேலை நேரத்தில் கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டது.

"காத்து ஓட்டியாச்சா, மாப்ள?"

அண்ணன் குரல்.

கணவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"காத்து ஓட்டியாச்சா, மாப்ள?"

"ஓட்டல மச்சான்..." அவன் உலையைப் பார்த்துக் கைகூப்பினான். "அன்னிக்கு நான் ஓட்டவே இல்ல. ஓட்டியாச்சுன்னு பொய் சொன்னேன். லேசா வெடிச்சு உன் பேரு கெடட்டும், உன் எடம் எனக்கு வரட்டும்னுதான்... செத்துப்போவேன்னு நினைக்கல மச்சான்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அண்ணன் அவசரப்பட்டு, காற்று ஓட்டாமல் பற்றவைத்துவிட்டான் என்று இவன்தான் சொன்னான். அதை நம்பி, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, "உனக்கு என்னடா அவ்வளவு அவசரம்?" என்று அண்ணனையே ஏசியிருந்தாள்.

"உன் மடியில படுத்துத்தானே அழுதேன்?" என்றாள். முதன்முறையாக அவனை 'நீ' என்றாள். "என் தலையத் தடவிக் கொடுத்தியேடா!"

சட்டையைப் பிடித்து மேலாளர் அறைக்கு இழுத்துப்போனாள். அங்கேயும் சொல்லவைத்தாள். போலீஸ் வண்டியில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

இப்போது வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தாலே சமையலறைப் புகைவிசிறி தானாகச் சுழலும். அது நின்ற பிறகே பற்றவைப்பாள். சுவிட்சில்தான் கோளாறு என்று ஒரு நாள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் விசிறியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"இதுக்கு ஒயரே கொடுக்கலியேம்மா."

அவள் அவருக்கு டீ போடத் தீப்பெட்டியை எடுத்தாள்.

அவர் கையிலிருந்த விசிறி சுழன்றது.