காலி மனைக் குழாய்

வீட்டுக்காரம்மா கேட்டைத் திறந்து, பின்பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். குழாய்க்காரருக்கு அதுவே போதும். புதுக் குளியலறையிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயைப் பழைய கழிவுநீர் சேம்பரில் இணைக்க வேண்டும். அரைநாள் வேலை.

சேம்பர் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார். இடுப்பளவு ஆழம், செங்கல் சுவர், அடியில் காய்ந்த சேறு. எதிர்ச் சுவரில் ஒரு பழைய மண்குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இது எங்கேருந்து வருதும்மா?"

"பக்கத்து வீட்டோடதா இருக்கும். அந்த வீட்டை எப்பவோ இடிச்சுட்டாங்க," என்றார் வீட்டுக்காரம்மா, ஜன்னல் வழியாக. "எலிதான் வருது. அப்படியே அடைச்சு விட்டுடுங்க."

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். காலி மனை. முள்ளும் உடைந்த ஓடும்தான் கிடந்தன.

பிளாஸ்டிக்குக்கும் சிமெண்டுக்கும் ஆகவே ஆகாது. வழவழப்பான குழாயை அப்படியே சொருகிப் பூசினால், காய்ந்ததும் விலகிக் கசிய ஆரம்பித்துவிடும். அதனால் குழாய் முனையில் பசையைத் தடவி, மேலே மணலைத் தூவி, ஓரமாகக் காயவைத்தார். அதுவரை சேம்பருக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. வீட்டிலும் அதே கதைதான். மனைவி இறந்துவிட்டாள். மகன் எப்போதாவது போன் செய்வான், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிடுவான்.

அப்போது சோப்பு வாசனை வந்தது.

மண்குழாயிலிருந்து வெள்ளை நுரை வழிந்தது. பின்னாலேயே தண்ணீர். குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

குழாய்க்குள், வெகு தூரத்தில், யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு பெண் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள்.

மறுபடி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அதே முள். அதே ஓடு.

வேறு யாராவது என்றால் சாமானை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். சொன்னால் சிரிப்பார்கள், அவருக்கு அது கேட்க நன்றாக இருந்தது. ஒரு வீட்டில் ஆள் இருக்கும் சத்தம்.

புதுக் குழாயைச் சொருகிப் பூசினார். பூசியதையே திரும்பத் திரும்பத் தேய்த்துப் பொழுதை ஓட்டினார்.

"எலிக் குழாயை அடைச்சாச்சா?" ஜன்னலிலிருந்து அதட்டல் வந்தது.

"இதோம்மா."

தண்ணீர் வற்றியதும் மண்குழாயின் வாயில் செங்கல் துண்டுகளை அடுக்கிக் கலவையை அப்பினார். ஒரு துண்டுக்கு மட்டும் இடம் பாக்கி. பாட்டு நின்றது.

"அடைக்கிறீங்களா?"

குழாய்க்குள்ளிருந்து குரல் ரகசியம் போலத்தான் வந்தது. மனைவியின் குரல் இல்லை. அவருக்குத் தெரிந்த யாருடைய குரலும் இல்லை.

பயத்தையும் மீறிப் பாவமாக இருந்தது.

"மன்னிச்சுக்கம்மா, சொன்ன வேலை," என்றார் ஓட்டைக்குள் குனிந்து. "உனக்கு வேற போக்கிடம் இல்லன்னா எங்க வீட்டுக்கு வந்துடும்மா. நான் ஒண்டி ஆளுதான்."

கடைசித் துண்டை வைத்துப் பூசினார். மணல் தூவிய இணைப்பில் ஒரு வாளித் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் சொட்டுக் கசிவு இல்லை. மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தார். கூடம் முழுக்கச் சோப்பு வாசனை.

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

கதவுக்கு அடியில் நுரை கசிந்து, அவர் கால்விரலைத் தொட்டது. வெதுவெதுப்பாக.

"யாரு?" என்றார்.

உள்ளே குழாய் இரண்டு சொட்டு விட்டு ஓய்ந்தது.

"தண்ணி நின்னுடுச்சு," என்றது அந்தக் குரல். இப்போது கதவுக்கு ரொம்பப் பக்கத்தில். "மோட்டர் போடுங்க."

அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதுவும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய், மோட்டர் ஸ்விட்சைப் போட்டார்.