வெள்ளைத் துணியின் நிறம்

அந்தப் பெண் படியேறி வந்தபோது நிதானம் தன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அநேகமாக வங்கிக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் எல்லோருக்கும் அவர் நிதானம்தான். வீடு தீப்பற்றினாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவர் மனைவியே சொல்வாள். அந்த மனைவியின் தம்பி, இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு, துப்பறியும் தொழில் செய்த அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். ஊருக்கெல்லாம் அவன் மச்சான். வயது முப்பதைத் தாண்டியும் எதற்கெடுத்தாலும் துள்ளிக் குதிக்கிற சுபாவம்.

"சார், எங்க சலவைக் கடையில ஒரு துணி காணாமப் போச்சு" என்றாள் அவள்.

"சலவைக் கடையில துணி காணாமப் போறது புதுசா?" என்று சிரித்தான் மச்சான்.

"அது வாடிக்கைக்காரங்க துணி இல்ல. என்னோடது. நான் குழந்தையா கிடைச்சப்போ என்னைச் சுத்தியிருந்த துணி."

நிதானம் ஊசியை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். அவள் நுனியில் உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சலவைக் கடைத் தம்பதிக்குப் பிள்ளை இல்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒருநாள் காலையில் அவர்கள் கடையின் பின்கதவைத் திறந்தபோது, அழுக்குத் துணி ஏற்றும் தள்ளுவண்டியில் இவள் கிடந்தாள். ஐந்து வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு முதுகில் வைத்துக் கேட்டார். இரண்டு இடத்திலும் இதயம் துடித்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, அந்த நல்ல மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசினார்.

"நான் இந்த உலகத்துல பிறந்தவ இல்ல சார்" என்றாள் அவள்.

மச்சான் கையிலிருந்த பேனா கீழே விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. நிதானம் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒரு துடிப்பு அடங்கும் முன்பே அதன் முதுகிலேயே இன்னொன்று எழுந்தது.

"சரிம்மா, மேல சொல்லு" என்றார், பக்கத்து ஊரிலிருந்து வந்தவளிடம் பேசுவது போல.

அந்தக் குரலில் அவள் தோள் சற்றுத் தளர்ந்தது. "எங்க ஆளுங்க யாராவது எங்கேயாவது இருப்பாங்கன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. அவங்களைத் தேட என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல, அந்தத் துணி மட்டும்தான். அதனால போன வாரம் அதைக் கடை முகப்புக் கண்ணாடிக்குள்ள தொங்கவிட்டேன். தெரிஞ்சவங்க பார்த்தா நிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. முந்தாநாள் மத்தியானம், மழை பெய்யிறப்போ, அது போயிடுச்சு."

"அந்த நேரத்துல கடைக்கு யார் யார் வந்தாங்க?"

"எதிர்க்கடை தையல்காரர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், விரிப்பு கொண்டு வர்ற ஹோட்டல் அம்மா. நான் டெலிவரிக்குப் போயிருந்தேன். அம்மாவும் அப்பாவும் பின்னாடி மெஷின் ரூம்ல இருந்தாங்க."

"நீ தேடுறது வீட்ல தெரியுமா?"

அவள் தலை குனிந்தது. "தெரியும். அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா துணியைத் தொங்கவிட்ட நாள்லேர்ந்து அம்மா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அம்மாவே எடுத்திருப்பாங்களோன்னு... அப்படி நினைக்கவே எனக்குப் பிடிக்கல சார். அதான் உங்ககிட்ட வந்தேன்."

அன்றைக்கே மூவரும் சலவைக் கடைக்குப் போனார்கள். கடை முழுக்க நீராவியும் சோப்பு வாசனையும். உள்ளே இயந்திரங்கள் சுழன்று முனகிக்கொண்டிருந்தன. பெண் உள்ளே நுழைந்ததும் பழக்கதோஷத்தில் மேஜையிலிருந்த ஒரு வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "அப்பா, இதுல இடது கையில பழச்சாறு சிந்தியிருக்கு" என்று தனியாக எடுத்து வைத்தாள். மச்சான் அந்தக் கையை வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

"இவ கண்ணுக்குத் தப்பாது" என்றார் அப்பா பெருமையாக. "ஊர்ல மத்த கடைக்காரங்க கறையைத் தேடுவாங்க. எங்க கடையில கறை தானா வந்து இவகிட்ட சரணடைஞ்சிடும்."

"காணாமப் போன துணி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் நிதானம்.

"வெள்ளைத் துணி சார். ஒரு போர்வை அளவு. ஒரு கலர் நூல்கூடக் கிடையாது" என்றார் அப்பா.

அம்மா இஸ்திரி மேஜையை விட்டு நகராமல் நின்றாள். நிதானம் பக்கத்தில் போனதும், அவர் கேட்பதற்கு முன்பே பேசினாள். "நான் எடுக்கல. ஆனா அது காணோம்னு தெரிஞ்சப்போ ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துச்சு. அதை நான் மறைக்க மாட்டேன்."

இதற்குள் முகப்பு ஜன்னலடியில் மண்டியிட்டிருந்த மச்சான் கூவினான். "மாமா! இங்க பாருங்க, செருப்புத் தடம்! சேறு காஞ்சு கிடக்கு!"

தடம் கதவிலிருந்து நேராக ஜன்னல் வரைக்கும் போயிருந்தது. குதிகால் பக்கம் ஒரு துண்டு பிய்ந்த செருப்பு. எதிர்க்கடையில் தையல்காரரின் காலில் அதே செருப்பு இருந்தது. மச்சான் வெற்றியோடு அதைச் சுட்டிக்காட்ட, தையல்காரர் தையல் இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை.

"ஆமா, நான்தான் போனேன். சாரல் உள்ள அடிச்சுது, ஜன்னலைச் சாத்தினேன். நல்லது பண்ணப் போனா இப்படியா? அந்த வெள்ளைத் துணி அப்போ அங்கதான் தொங்கிச்சு. ஓரத்துல தையலே இல்ல, நெய்யும்போதே முடிச்சிருக்காங்க. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்ல."

மருந்துக்கடைக்காரர் எரிந்து விழுந்தார். "என் கோட்டை வாங்கப் போனேன், யாரும் வரல, திரும்பிட்டேன். ஒரு பழைய வெள்ளைத் துணிக்குத் துப்பறிய ரெண்டு பேரா? நாட்டுல வேற வேலை இல்லையா?" அவர் சொல்லும்போது பெண்ணை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். முன்பு ஒருமுறை, சும்மா ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்று அவளை வற்புறுத்தியவர் அவர். வெளியே வந்ததும் பெண் அதைச் சொல்ல, மச்சான் புருவத்தை உயர்த்தினான்.

கடைசியாக ஹோட்டலுக்குப் போனார்கள். விரிப்பு அறை நிலவறையில் இருந்தது. கூரை வரை அடுக்கிய விரிப்புகள், துண்டுகள், ஒரு மூலையில் கட்டி வைத்த அழுக்கு மூட்டைகள். ஹோட்டல் அம்மா ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. சலவைக் கடை மூட்டையை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பாமல், வருடக்கணக்காகத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர். அவர்களைக் கண்டதும் தலையணை உறைகளை மடிக்கத் தொடங்கினார்.

"கண்ணாடிகிட்ட தொங்கின துணியைப் பத்திக் கேட்க வந்தோம்" என்றார் நிதானம்.

"அந்தக் கட்டம் போட்ட துணியா? நான் ஜன்னல் பக்கமே போகலையே. மூட்டையைப் போட்டுட்டு உடனே வந்துட்டேன். மழை வேற."

பெண் கவலையோடு தலையாட்டினாள். ஹோட்டல் அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மடித்த உறையைப் பிரித்து, அதையே மறுபடியும் மடித்தார்.

பெண் கடைக்குக் கிளம்பிப் போனதும், தெருவில் மச்சான் குரலைத் தாழ்த்தினான். "மாமா, இந்தம்மாவைக் கழிச்சுடலாம். இவங்க அந்தத் துணியைப் பார்க்கவே இல்ல. வெள்ளைத் துணியைப் போய்க் கட்டம் போட்டதுன்னு சொல்றாங்க. மருந்துக்கடைக்காரர்தான் ஆளு. துணியை வச்சு ஏதோ ஆராய்ச்சி பண்ணப் பார்க்கிறாரு."

"அவங்க சொன்ன வார்த்தையை நீ சரியா கவனிச்சே" என்றார் நிதானம். "அதுவரைக்கும் நல்லது."

மாலையில் அவர் மட்டும் சலவைக் கடைக்குள் போய், அந்தப் பெண்ணிடம் சிறிது நேரம் தனியாகப் பேசினார். மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றதில் அவனுக்குக் கிடைத்தது இயந்திரச் சத்தம் மட்டுமே.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன், எல்லோரும் முகப்பு அறையில் கூடியிருந்தார்கள். துணி தொங்கிய இடத்தில் இப்போது ஒரு வெள்ளை விரிப்பு தொங்கியது. காலை வெயில் அதன்மேல் நன்றாக விழுந்தது.

"எல்லாரும் இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார் நிதானம்.

தையல்காரர் ஓரத்தைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் விரிப்பைக் கண்ணால் துளைத்தெடுத்தும் ஒரு சுருக்கத்தைத் தவிர வேறெதையும் காணவில்லை. நிதானம் விரிப்பின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தையல்காரரையும் மருந்துக்கடைக்காரரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டார். "உங்க ரெண்டு பேர் மேலயும் எந்தத் தப்பும் இல்ல. சிரமம் கொடுத்துட்டேன், மன்னிக்கணும்."

மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நிதானம் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, ஹோட்டல் அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன நடக்குது இங்க?" என்றான் மச்சான்.

"துணி வெள்ளைன்னு இவ அப்பா சொன்னாரு. தையல்காரரும் மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னாங்க. இவங்க மட்டும் கட்டம் போட்டதுன்னாங்க. பார்க்காதவங்க அப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம்னு நீ நினைச்சே. பார்க்காதவங்க 'எந்தத் துணி'ன்னு கேட்டிருப்பாங்க. இவங்க கேட்கல. எனக்கு அதைவிட முக்கியமா பட்டது வேற. பக்கத்துல நின்ன இந்தப் பொண்ணு 'இல்ல ஆன்ட்டி, அது வெள்ளை'ன்னு திருத்தவே இல்ல. ஏன்?"

நிதானம் பெண்ணைப் பார்த்தார். "நேத்து என்கிட்ட சொன்னதைச் சொல்லும்மா."

"அது கட்டம் போட்ட துணிதான்" என்றாள் அவள். "பெரிய கட்டம், சின்னக் கட்டம், மாத்தி மாத்தி. அந்த நிறத்துக்கு நம்ம பாஷையில பேர் இல்ல. அம்மாவும் அப்பாவும் வெள்ளைன்னு சொல்றப்போ, துணி வெள்ளை, கட்டம் தனின்னு நினைச்சிருந்தேன். மத்தவங்களுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்கு எப்பவுமே குழப்பம்தான். சின்ன வயசுல ஏதாவது சொல்லி மாட்டிக்குவேன். அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன்."

"நம்ம கண்ணுக்குத் தெரியாத கறை இவளுக்குத் தெரியுது" என்று தொடர்ந்தார் நிதானம். "அதே மாதிரி நமக்குத் தெரியாத கட்டமும் தெரியுது. அப்போ இந்த ஊர்ல அதே கட்டத்தைப் பார்த்த இன்னொரு கண் யாரோடது? ஒரு வார்த்தையை மட்டும் நம்பி யார் மேலயும் கை காட்டக் கூடாது. அதனால கறை எடுக்கிற தண்ணியில விரலைத் தோய்ச்சு, இந்த விரிப்புல ஏதாவது எழுதுன்னு இவகிட்ட சொன்னேன். என்ன எழுதினான்னு எனக்கே தெரியாது. நமக்கு அது வெறும் வெள்ளை. ஆனா இந்தம்மா கண்ணு இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் போச்சு. அடுத்த வரிக்குத் திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் நிக்க முடியல."

அம்மா மெல்லக் கேட்டாள், "என்னடி எழுதினே?"

ஹோட்டல் அம்மாதான் கையை விலக்கிவிட்டு வாசித்தார். "'நான் நல்லா வளர்ந்திருக்கேன். என்கிட்ட பேசப் பயப்படாதீங்க.'"

அவர் கைப்பையைத் திறந்தார். காணாமல் போன துணி அதற்குள் நான்காக மடித்துக் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு தொடங்கினார்.

"நாங்க ஒரு சின்னக் கூட்டமா வந்தோம். எங்க உலகத்துல வாழ முடியாமப் போச்சு. என் தங்கச்சி இவளைப் பெத்த கையோட கண்ணை மூடிட்டா. எனக்குத் தங்க இடமில்ல, பாஷை வராது, யாராவது பிடிச்சுட்டா என்ன ஆகும்னு பயம். இந்தக் கடை வாசல்ல நீங்க ரெண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும் உங்களைப் பத்தி. அப்புறம் ஹோட்டல்ல வேலை கிடைச்சுது. சொந்தமா சலவை மெஷின் வாங்கலாம்னு மேனேஜர் சொன்னப்போ, வேண்டவே வேண்டாம்னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னேன். மூட்டையைத் தூக்கிட்டு வந்தாத்தானே இவளைப் பார்க்க முடியும்? பேசாம இருந்துடலாம்னுதான் இருந்தேன். ஆனா அன்னைக்குக் கண்ணாடிக்குள்ள என் தங்கச்சி நெய்த துணி தொங்குது. என் கை என்னைக் கேட்கல. நேத்து இவ என் முன்னாடி வந்து நின்னப்போ நாக்கும் என்னைக் கேட்கல."

பெண் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க என்னைப் பெத்தவங்களோட அக்கா, இல்லையா?"

"கூடப் பிறந்த அக்கா."

"அப்போ பெரியம்மா" என்றாள் அவள், கணக்கு ஒன்று சரியாக வந்ததுபோல. பிறகுதான் அழுதாள்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று பெரியம்மா சொன்னார். துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்யும் தம்பதி, மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். குழந்தை பிழைத்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

சலவைக்கடை அம்மா இவ்வளவு நேரமும் இஸ்திரி மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "கூட்டிட்டுப் போயிடுவீங்களா?" என்றாள்.

"எங்கேம்மா கூட்டிட்டுப் போறது? எனக்கு இருக்கிறது ஒத்தை ரூம். இவ வீடு இதுதானே."

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எல்லோருக்கும் டீ போடுவதாகச் சொல்லி உள்ளே நழுவினார். மச்சான் ஏதோ கேட்க வாயெடுத்தான். நிதானம் அவன் முழங்கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் நகர்த்தினார்.

அம்மா மேஜையை விட்டு வந்து, இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க தங்கச்சி இவளுக்குப் பேர் வச்சாங்களா?"

பெரியம்மா தயங்கிவிட்டுச் சொன்னார். மூச்சை உள்ளிழுப்பதில் தொடங்கி, தொண்டைக்குள் ஒரு ரீங்காரமாக முடிந்தது அந்தப் பெயர். பெண் அசையாமல் அதைக் கேட்டாள்.

அம்மா சொல்லிப் பார்த்தாள். விக்கல் போல வந்தது. பெரியம்மா திருத்தினார். மறுபடியும் முயன்றாள், பாதியில் இருமல் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்று திரும்பினாள் மகள்.