அட்டைத் தடுப்புக்குப் பின்னால்

"மத்தியான ரயில்ல சீனு கிளம்பிடுவார் சார். போனா திரும்பி வரவே மாட்டார்."

கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் துப்பறிவாளர் ஜெயினுலாபுதீனின் அறைக்கு வந்திருந்தாள் வசுமதி. இரவெல்லாம் அழுத முகம். வெள்ளிக்கிழமை அவளுக்கும் சீனுவுக்கும் கல்யாணம். நேற்று மாலை, காலமான அம்மாவின் அட்டிகை பீரோவிலிருந்து காணாமல் போனது. சீனுதான் எடுத்தான் என்று அண்ணன் கேசவன் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்.

"அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்கம்மா?"

"ஆட்டம். அண்ணன் அமெரிக்காவுல கத்துக்கிட்டு வந்தது. அவர் நடுவரா இருந்து கதை சொல்வார், நாங்க அதுக்குள்ள ஆளுங்களா நடப்போம். அட்டைத் தடுப்புக்குப் பின்னால பகடையை அவரே உருட்டுவார். என்ன விழுந்ததுன்னு எங்களுக்குக் காட்ட மாட்டார். அவர் சொல்றதுதான் முடிவு."

"இன்னாம்மா இது, பார்க்காத பகடையை நம்பிக்கினு ஆடுவீங்களா?" என்றான் உதவியாளன் முனீர், ஜெயினுலாபுதீனின் அக்காள் மகன்.

"அதுதான் விதி. குகையில பந்தம் அணைஞ்சிடுச்சு, கண்ணை மூடுங்கன்னார். நானும் சீனுவும் மூடினோம். நான் பள்ளத்தைத் தாண்டணும். பகடை உருண்டுது. 'தாண்டிட்டே, கண்ணைத் திறக்கலாம்'னார். ஆட்டம் முடிஞ்சு பார்த்தா அட்டிகை இல்ல. பீரோவும் பூட்டல. எங்க வீட்டு ஆளுங்களைத் தவிர அங்க இருந்தது சீனு மட்டும்தான்."

"வேற யாரும் ஆடலியா?"

"அண்ணனோட சிநேகிதர் ரவிச்சந்திரன். அப்போ அவர் சிகரெட் வாங்கப் போயிருந்தார்."

அடுத்த பஸ்ஸிலேயே மூவரும் கல்பாக்கம் போனார்கள். நடுவரின் நாற்காலிக்குப் பின்னால் பீரோ. அதை ஒட்டி வராந்தாக் கதவு, கடல்காற்றில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஆறுதல் சொல்ல ரவிச்சந்திரனும் வந்திருந்தான்.

"தாய் தகப்பன் இல்லாத பொண்ணு சார். திருடனுக்கா கொடுப்பேன்? இந்த வீட்டுல என் பேச்சுதான் முடிவு," என்றார் கேசவன். அவர் கண்களும் சிவந்திருந்தன.

ஜெயினுலாபுதீன், "நேத்து ஆட்டத்துல யாரு ஜெயிச்சது?" என்று பொதுவாகக் கேட்டார்.

ரவிச்சந்திரன் சிரித்தான். "எங்கே சார் ஜெயிக்கிறது? விழுந்தது ரெண்டு. வசுமதி பள்ளத்துல விழுந்து செத்திருக்கணும். தங்கச்சியாச்சேன்னு தாண்ட வெச்சிட்டார்."

"அப்படியா? பகடையில என்ன விழுந்தது, கேசவன் சார்?"

கேசவன் தலை குனிந்தார். "ரெண்டுதான். கல்யாணப் பொண்ணு, கதையிலகூடச் சாக வேணாம்னு தோணிச்சு. நடுவருக்கு அந்த உரிமை உண்டு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் மனைவிகிட்டகூடச் சொல்லல. இவங்க கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே பகடையைக் கையில எடுத்துட்டே..." பாதியில் நிறுத்தி, மெல்ல ரவிச்சந்திரன் பக்கம் திரும்பினார்.

"ஆமாம். தடுப்புக்கு இந்தப் பக்கம், உங்க முதுகுக்குப் பின்னால நின்ன ஆள்தான் அந்த ரெண்டைப் பார்த்திருக்க முடியும். உங்க பேச்சுக்குக் கட்டுப்பட்டு அவங்க கண்ணை மூடினாங்க. உங்க கண்ணு பகடை மேல. காத்துல எப்பவும் அடிக்கிற கதவைத் திறந்துகிட்டு ஒருத்தர் வந்தது யாருக்கும் கேக்கல."

ரவிச்சந்திரன் வராந்தாவுக்குப் பாய்ந்தான். முனீர் ஏற்கெனவே கதவில் சாய்ந்திருந்தான். "எங்க அண்ணாத்த, சிகரெட் வாங்கவா?"

அட்டிகை ரவிச்சந்திரனின் ஸ்கூட்டர் டிக்கியில், பழைய துணிக்குள் சுருண்டு கிடந்தது.

"பகடை சாவுன்னு சொல்லியும் தங்கச்சியை வாழ வெச்சீங்க," என்றார் ஜெயினுலாபுதீன். "நேத்து பகடைகூட உருட்டாம அந்தப் பிள்ளைக்குத் தீர்ப்பு சொல்லிட்டீங்களே சார்."

வசுமதி கடிகாரத்தைப் பார்த்துக் கதறிவிட்டாள். கேசவன் தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்; அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அவர்கள் செங்கல்பட்டு நிலையத்துக்குள் ஓடியபோது ரயில் வந்து நின்றிருந்தது. ஒரு காலைப் படியில் வைத்து டிரங்குப் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான் சீனு. கேசவன் டிரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பற்றினார். மூச்சு வாங்கியது.

"நடுவர் தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை. தீர்ப்பை மாத்திக்கிறேன். வீட்டுக்கு வாங்க."

சீனு அசையவில்லை. "இனிமே உங்க தீர்ப்புல நான் வாழ முடியாது சார். வசு சொல்லட்டும்."

கேசவன் கைப்பிடியை விட்டுவிட்டு விலகி நின்றார். வசுமதி இரு கைகளாலும் பெட்டியைப் பற்றிக் கீழே இழுத்தாள். அது தடாலென்று பிளாட்பாரத்தில் விழுந்தது. அதன் பின்னாலேயே சீனுவும் இறங்கினான்.