தையலறையில் ஒளிந்திருந்த மூடி

குளியலறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போகவில்லை. குடுகுடுவென்று சத்தம் போட்டுக்கொண்டு மேலே வந்தது. நாற்றம் வேறு மூக்கைத் துளைத்தது.

"இன்னைக்கு யாரும் குளிக்க முடியாது" என்றார் அப்பா.

"ஐயய்யோ!" என்றாள் நண்டு. ஆனால் அவள் முகத்தில் வருத்தமே இல்லை.

ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

பிளம்பர் வந்தார். நீளமான கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். முதல் வளைவிலேயே அது முட்டிக்கொண்டு நின்றது. தெருவோரத்துக் கழிவுநீர்த் தொட்டியைத் திறந்தார். அது காய்ந்து கிடந்தது.

"அடைப்பு நடுவுலதான் சார். வீட்டுக்குள்ள ஒரு தொட்டி இருக்கணுமே, மூடி எங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். போன வருடம் அம்மாவுக்குத் தையலறை கட்டியபோது, தரை பளபளவென்று இருக்க வேண்டும் என்று அந்த மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொன்னவர் அவர்தான்.

"சரி, எந்த இடத்துல?"

"அதான் மறந்துபோச்சு" என்றார் அப்பா மெதுவாக.

"அப்போ தெரு வரைக்கும் முழுசா தோண்ட வேண்டியதுதான். பைப் செலவு கொஞ்சம்தான். தரையை உடைக்கணும், மண்ணைப் போட்டு மூடணும், திரும்ப டைல்ஸ் ஒட்டணும். காசெல்லாம் அதுலதான் போகும்" என்ற பிளம்பர், ஒரு தொகையைச் சொன்னார்.

அப்பா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா தன் பழைய தையல் மிஷினைப் பார்த்தார். நாலு தையல் போட்டால் நூலை அறுத்துவிடும் மிஷின் அது. புதியது வாங்கத்தான் ஒரு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார்.

"மிஷினை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா. நண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் அடைப்பு போகாதே!

"மாமா, எதுக்கு எல்லாத்தையும் தோண்டணும்?" என்று பிளம்பரிடம் கேட்டாள்.

"அடைப்பு எங்கன்னு தெரியலையே பாப்பா."

"தெரிஞ்சா?"

"அந்த இடத்தை மட்டும் தோண்டினா போதும். மூடி கிடைச்சா, கேமராவை உள்ள விட்டே பாத்துடலாம். செலவு பாதிக்கும் கீழ வந்துடும்."

"இவ்வளவுதானா? மூடியை நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள் நண்டு.

அம்மாவின் மர அளவுகோலை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினாள். டொக். டொக். டொக். ஜன்னல் பக்கம் வந்ததும், டொம்!

"கிடைச்சிருச்சு!" என்று குதித்தாள். குதித்த வேகத்தில் அளவுகோல் மிஷினுக்குப் பக்கத்துத் தரையில் விழுந்தது. அங்கேயும் டொம்!

"டைல்ஸ் சரியா ஒட்டாம விட்டாலும் இப்படித்தான் சத்தம் கேக்கும்" என்றார் பிளம்பர்.

"ரெண்டையும் உடைச்சுப் பாத்துடலாமா?" என்றார் அப்பா.

"உங்களுக்கு ஒட்டத் தெரியும், உடைக்கத் தெரியும்" என்றார் அம்மா.

நண்டு யோசித்தாள். "மாமா, வளைவுக்கு அப்புறம் பைப் எப்படிப் போகும்?"

"தெருத் தொட்டி வரைக்கும் நேராத்தான் போகும்."

"அம்மா, சிவப்பு நூல்கண்டு எங்கே?"

குளியலறைச் சுவரைத் தாண்டிப் பைப் தையலறைக்கு அடியில் நுழையும் இடத்தைப் பிளம்பர் காட்டினார். அங்கே நூலின் ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டார். மறுமுனையோடு அப்பா தையலறைக் கதவு வழியாக வெளியே போய்த் தெருத் தொட்டியருகே நின்றார்.

"இழுத்துப் பிடிங்கப்பா! தொங்குது!"

நூல் விறைத்து நின்றது. அது ஜன்னல் பக்கமே போகவில்லை. மிஷினுக்குப் பக்கத்து டைல்ஸின் மேலே நேராக ஓடியது.

"இதுதான்!" என்றாள் நண்டு. இந்த முறை அவள் குதிக்கவில்லை.

பிளம்பர் அந்த ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். கீழே மூடி!

கேமராவை விட்டதும் எல்லாம் தெரிந்தது. தொட்டியை ஒட்டி ஒரு துண்டுப் பைப் விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலில் நூல் குப்பை பந்து பந்தாகச் சிக்கியிருந்தது, மஞ்சள், ஊதா, பச்சை என்று.

"குளியலறையில நூலெல்லாம் யாரு அலசி விடுறது?" என்று கேட்டார் அப்பா. அம்மா அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் அந்தத் துண்டை மாற்றியாகிவிட்டது. கேமராவுக்குத் தனியாகக் கொடுத்தும், சேர்த்த பணத்தில் பெரும்பகுதி தப்பித்தது.

அடுத்த மாதமே புது மிஷின் வந்தது. அப்பா அதை ஆசையாக இழுத்துக்கொண்டு போய், சரியாக அந்த மூடியின் மேலேயே வைத்தார்.

"அங்க வேண்டாம்!" என்று அம்மாவும் நண்டுவும் ஒரே குரலில் கத்தினார்கள்.

புது மிஷினில் அம்மா முதன்முதலில் தைத்தது, அந்த மூடி இருக்கும் இடத்தில் விரிக்க ஒரு குட்டிக் கால்மிதி. நண்டு எழுதிக் கொடுத்ததைச் சிவப்பு நூலால் அப்படியே தைத்தார்:

"கீழே மூடி இருக்கிறது. ஒட்டாதீங்க அப்பா!"