சுவருக்குள் போன கேபிள்

செவ்வாய்க்கிழமை கன்னியப்பன் அந்த நெட்வொர்க் கேபிளை இரண்டு முழம் மிச்சம் விட்டு, சுருட்டி, மேசைக்காலில் கட்டிவிட்டுப் போயிருந்தான். சனிக்கிழமை வந்து குனிந்து பார்த்தால் சுருளைக் காணோம். கட்டு அறுந்து கிடந்தது. துணி காயப்போடும் கொடிபோல விறைத்துக்கொண்டு கேபிள் சுவர்த் துளைக்குள் போயிருந்தது. அது இழுத்த இழுப்பில் கம்ப்யூட்டர் பெட்டி நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றது.

"யாராச்சும் இழுத்தாங்களா மேடம்?"

"யாருப்பா இழுப்பா? எலியாத்தான் இருக்கும்," என்றார் ஸ்டெல்லாமேரி. அந்த ஏற்றுமதி அலுவலகத்தின் கணக்கர். அரைநாள் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் அவனுக்காகவே உட்கார்ந்திருந்தார்.

எலி கடிக்கும், இழுக்காது. அதைச் சொல்லக்கூட அவனுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து உழவர்கரையில் மூன்று அலுவலகங்களில் மேசை மேசையாக அடியில் தவழ்ந்து கேபிள் பொருத்திவிட்டு, சாப்பிடாமல், நனைந்த சட்டையோடு வந்திருந்தான். கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் அது. சுவர் இரண்டடி கனம். மழை கொட்டியது. மத்தியானத்திலேயே அறை இருட்டிக் கிடந்தது, மின்சாரம் போய் யுபிஎஸ் விட்டுவிட்டுக் கீச்சிட்டது, எப்போதோ தடித்த தண்ணீர்க் குழாய் போன அந்தத் துளையிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடையும், அதற்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு வெதுவெதுப்பும் வந்து முகத்தில் பட்டது.

கேபிளை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. வெட்டினான். வெட்டிய முனை சரேலென்று துளைக்குள் மறைந்தது. இவ்வளவு இறுக்கத்தில் இருந்தால் அப்படித்தான் போகும் என்று எண்ணிக்கொண்டான். வேறு எதையும் எண்ணுவதற்குக் களைப்பு விடவில்லை.

"புதுசா ஒண்ணு விட்டுடுறேன் மேடம். பக்கத்து ரூமைத் தொறந்து, முனை வந்ததும் இழுங்க."

சாவிக்கொத்து குலுங்க, செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து போனது. தான் கொண்டுவந்த அட்டைப்பெட்டியிலிருந்து புதுக் கேபிளை எடுத்து உள்ளே செலுத்தினான். ஓரடி. இரண்டடி. முனையை யாரோ பற்றினார்கள்.

"கெடச்சிதா மேடம்?"

"கெடச்சிது தம்பி. விடு." சுவருக்குள்ளிருந்து குரல் கம்மி வந்தது.

விட்டான். கேபிள் சீராகப் போனது. ஒரு கை மாற்றி ஒரு கை, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல. அவன் கண்ணை மூடிச் சுவரில் தலை சாய்த்தான். அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது. பெட்டிக்குள் சுருள் சரசரவென்று அவிழும் சத்தம். கண் திறந்தபோது பெட்டி பாதி காலி.

பக்கத்து அறையோ பத்தடிகூட இருக்காது.

"போதும் மேடம்."

"இன்னும் விடு தம்பி."

"எதுக்கு மேடம் இவ்வளவு? போதும்." நிறுத்துவதற்காகக் கேபிளை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான்.

"தம்பி."

இந்தக் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினான். வாசலில் ஸ்டெல்லாமேரி. கையில் சாவிக்கொத்து, முந்தானையெல்லாம் சாரல்.

"அந்தப் பூட்டு தொறக்கவே மாட்டேங்குது. எவ்ளோ நேரமா மல்லுக்கட்டுறேன். நீ வந்து பாரேன்."

அவன் துளையைத் திரும்பிப் பார்த்தான்.

துளைக்குள்ளிருந்து, அதே ஸ்டெல்லாமேரியின் குரலில், அன்பாக: "விடு தம்பி."

வாசலில் நின்றவரின் கையிலிருந்து சாவி விழுந்தது.

கேபிள் இறுகியது. மணிக்கட்டைச் சுற்றி. அவிழ்க்க இடது கையைக் கொண்டுபோனான். அதற்குள் ஓர் இழுப்பு. முழங்கால் தரையில் தேய்ந்தது. இன்னோர் இழுப்பு. தோள் சுவரில் மோதியது.

"அய்யோ, மாதாவே!" ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார் ஸ்டெல்லாமேரி. சட்டை கிழிந்தது.

விரல்கள் உள்ளே போயின. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை.

உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. ஈரமாய் ஏதோ அவன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தது. மெதுவாக. பிறகு அவன் விரல்களின் இடைவெளிகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, கோத்துக்கொண்டது.

மணிக்கட்டைச் சுற்றியிருந்த கேபிள் தளர்ந்தது.

கை மட்டும் வரவில்லை.