தம்பியின் பதினொரு பச்சைத் தக்காளிகள்

"நாளைக்கு மழை கொட்டப் போகுது. இன்னிக்கே காயெல்லாம் பறிச்சுட்டு, எல்லாச் செடியையும் பிடுங்கிடணும்!" என்று அப்பா சொன்னதுதான் தாமதம், நான் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன்.

பீன்ஸ், கத்தரிக்காய், தக்காளி என்று பறித்துப் பறித்துக் கை வலித்தது. சமையலறையில் அம்மா தக்காளியைக் கொதிக்கவைத்து, சுடச்சுடக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி மூடினார். ஆறும்போது மூடி 'டொக்' என்று சத்தம் போடும். போட்டால் நன்றாக மூடிக்கொண்டது என்று அர்த்தம். ஒவ்வொரு 'டொக்'குக்கும் நான் ஒரு குதி குதித்தேன்!

எங்கள் வீட்டில் யார் நட்ட செடியோ, அவர் பெயர்தான் பாட்டிலில் ஒட்டப்படும். அப்பாவுக்கு ஆறு பாட்டில். எனக்கு நான்கு. தம்பிக்கு? ஒன்றுகூட இல்லை.

தப்பு அவன் பேரில்தான். விதை முளைத்ததா என்று தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தான். பாவம், அந்த விதை எப்படி முளைக்கும்? மறுபடி விதைத்து, செடி காய்த்ததே இப்போதுதான். பதினொரு காய். எல்லாம் பச்சைப் பசேல்!

"காயெல்லாம் உரக்குழிக்குத்தான்டா" என்றார் அப்பா.

தம்பி "ஓ"வென்று அழ ஆரம்பித்துவிட்டான்.

திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் வாழைப்பழத் தட்டில் நான் மறந்து வைத்த பச்சைத் தக்காளி ஒன்று தானாகவே சிவந்திருந்தது!

"அழாதடா! ஒரு அட்டைப்பெட்டி கொண்டா!"

காய்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, நடுவில் ஒரு வாழைப்பழத்தை வைத்து மூடினேன்.

மூடிய மறுநிமிடமே அவன் கை பெட்டிமேல்! "பழுத்துடுச்சா அக்கா?"

ஐயோ, மறுபடி விதைக் கதையா? சட்டென்று சொன்னேன்: "இந்தப் பெட்டிக்கு இனி நீதான் காவல். ஒரு வாரம் யாரையும் தொட விடக் கூடாது."

அவ்வளவுதான்! பக்கத்தில் போன அம்மாவையே விரட்டினான். "நானே தொடல, நீங்க எப்படித் தொடலாம்?"

எட்டாம் நாள் திறந்தோம். பதினொன்றும் சிவப்பு!

"அக்கா! அக்கா!" என்று அவன் வீட்டையே இரண்டாக்கிவிட்டான்.

அம்மா கொதிக்கவைத்து ஊற்றி மூடியபோது ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் நிறைந்தது. நால்வரும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம்.

'டொக்!'

தம்பி பேனாவை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதி ஒட்டினான். எட்டிப் பார்த்தேன்.

'நானும் அக்காவும்.'